பத்து நிமிஷம் முன்னால்

அழைப்பு மணியை அழுத்திவிட்டு, வழக்கம்போல் ஒரு காலால் மறுகால் செருப்பைத் தள்ளிக் கழற்றியபடி அவள் நின்றாள். உள்ளே மணி அடித்து, அதன் கடைசி இழுப்பு கூடத்துச் சுவர்களில் தேய்ந்து அடங்கும்வரை யாரும் ஓடி வரவில்லை. இது அந்த வீட்டில் நடக்காத காரியம். மகளுக்கு எட்டு வயது. வீட்டில் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். மணி அடித்து முடிவதற்குள் தாழ்ப்பாளில் தொங்கிக்கொண்டிருக்கும் ஆள். இன்றைக்கோ உள்ளிருந்து தயங்கித் தயங்கிக் காலடிச் சத்தம் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது.

"யாரு?"

"ம்... மகாராணி. திறடி."

தாழ்ப்பாள் விலகிக் கதவு ஒரு சாண் திறந்தது. வாலு அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். மறுபடியும் அவளைப் பார்த்தாள்.

"அம்மா, நீ எப்படி வெளிய போன?"

"எங்க வெளிய போனேன்? இப்பதான் வர்றேன். வழிய விடு, கால் கடுக்குது."

"இல்லம்மா, நீ வந்துட்ட. நான்தானே கதவத் திறந்துவிட்டேன். பேசாம உள்ள போன."

மகள் புளுகுவது புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் யானை வந்தது என்று ஒரு வாரம் சாதித்தவள். அவள் சிரித்துக்கொண்டே தோள்பையை நாற்காலியில் போட்டாள். இருந்தாலும் கால்கள் தாமாகவே சமையலறைக்குப் போயின. அடுப்பு குளிர்ந்து கிடந்தது, குழாய் சொட்டவில்லை, காலையில் கவிழ்த்துவைத்த பாத்திரங்கள் கவிழ்ந்தபடியே இருந்தன. படுக்கையறையில் மட்டும் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள். இறக்கைகள் வேகம் தணிந்து நின்றதும் ஒரு வாசனை மெல்லக் கீழிறங்கியது: புது அட்டைப்பெட்டியும் வார்னிஷும் கலந்த வாசனை, அவள் வேலை பார்க்கும் கடையின் வாசனை. தன் உடுப்பிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கூடத்துச் சுவரில் மணி ஆறு பத்து. அப்படியென்றால் உண்மையில் ஆறு.

அந்தக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடுவதற்கு ஒரு கதை உண்டு. கணவன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். பள்ளிக்கூட வேன் காலை ஏழரைக்கு வரும். அந்த டிரைவர் அரை நிமிஷம் பொறுக்க மாட்டார். தாயும் மகளும் ஒரே வாரத்தில் மூன்று தரம் வேனைக் கோட்டைவிட்டதும், கணவன் முக்காலியில் ஏறிப் பெரிய முள்ளை முன்னால் தள்ளி வைத்தான். "இனிமே பாரு, உங்க ரெண்டு பேரையும் எப்படி ஏமாத்துறேன்னு" என்றான். ஏமாந்தும் போனார்கள். பொய் நேரம் என்று தெரிந்தே தினமும் காலையில் அதைப் பார்த்துப் பதறி, "சீக்கிரம், சீக்கிரம்" என்று அலறி, தலையைப் பிடித்திழுத்துச் சடை பின்னி, வாயில் பல்துலக்கியோடு ஓடி, வேனையும் பிடித்தார்கள்.

தப்பு நடந்தது வேறு இடத்தில். இந்த வருஷம்தான் வாலு தனியாக இருக்கத் தொடங்கினாள். மூன்றரைக்கு வேன் இறக்கிவிடும். கழுத்துக் கயிற்றில் சாவி. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். வாலு அப்போதுதான் மணி பார்க்கக் கற்றிருந்தாள். அவளைக் கூடத்தில் நிறுத்தி, சுவரைக் காட்டி, தாய் சொல்லிக்கொடுத்தது இது: "சின்ன முள் ஆறுல, பெரிய முள் பன்னிரண்டுல. அப்ப அம்மா வந்துடுவேன். அதுக்கு முன்னால கடவுளே வந்தாலும் திறக்காத." அவள் வீடு வந்து சேர்வது கைப்பேசியின் ஆறு மணிக்கு. சுவரில் ஆறு அடித்துப் பத்து நிமிஷம் கழித்து. அதாவது, அம்மா வந்தாக வேண்டிய நேரம் ஒன்று தினமும் அந்த வீட்டில் ஆள் வராமல் காலியாகக் கிடந்திருக்கிறது. கடிகாரக் கடையில் ஒன்பது வருஷம் வேலை பார்ப்பவளுக்கு இது ஒருநாளும் உறைக்கவில்லை.

வாலு அப்படிச் சொன்ன அன்று மாலையே முக்காலியில் ஏறிக் கைப்பேசியைப் பார்த்து முள்ளைச் சரிசெய்தாள். மறுநாள் காலை அரக்கப்பரக்க வாசலுக்கு ஓடி நின்றால், வேன் வரவில்லை. தெருவில் பால்காரரைத் தவிர ஆளில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். ஏழு இருபது.

பேட்டரிச் செல்லைச் சரியாகப் பொருத்தவில்லை போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டாள். ஆனாலும் அன்றைக்குக் கடையில் வேலை ஓடவில்லை. கடை என்பது மூன்று சுவர்: ஒன்றில் மரச்சட்டம் போட்ட பழைய பாணிக் கடிகாரங்கள், ஒன்றில் ஆபீசுக்கான பெரிய வட்டங்கள், மூன்றாவதில் டிஜிட்டல். ஒன்றிலும் செல் கிடையாது. முள் வைத்தவை அத்தனையும் பத்து பத்தில் நிற்கும், அப்படி நின்றால்தான் பார்க்க அழகு. முதலாளியின் தலைக்கு மேலிருப்பது ஒன்றுதான் ஓடும். "நூறும் ஓடுச்சுன்னா நமக்குப் பைத்தியம் பிடிச்சிரும்மா" என்பார் அவர். நின்றுபோன அத்தனை முகங்களுக்கு நடுவில் நாள் முழுக்க நிற்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அன்று மட்டும் முதுகு கூசியது.

மாலையில் மணி அடித்தாள். மறுபடியும் அந்தத் தயங்கும் காலடி.

"இன்னைக்கும் வந்தேனா?" விளையாட்டாகக் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

வாலு தலையாட்டினாள்.

"வந்து என்ன பண்ணேன்?"

"கடிகாரத்துக்குக் கீழ நின்ன. சுவரப் பாத்துக்கிட்டு. ரொம்ப நேரம்."

"அப்புறம்?"

"வாசல் மணி அடிச்சுச்சா, ரூமுக்குள்ள போயிட்ட."

படுக்கையறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் கோபம்தான் முதலில் வரும் அவளுக்கு. "இன்னொரு தரம் இப்படி விளையாடினா தோலை உரிச்சிடுவேன்" என்று கத்தினாள். வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூலையில் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் மாடிப்படியிலேயே எதிர்வீட்டு அக்கா பிடித்துக்கொண்டாள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவள், எப்போதும் கழுத்தில் அளவு நாடா தொங்கும்.

"என்னம்மா, என்மேல அவ்வளவு கோபமா? அஞ்சே முக்காலுக்கு நீ படியேறிப் போறப்ப எத்தன தரம் கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. உன் துணிய நாளைக்குக் கண்டிப்பா தச்சுக் குடுத்துடறேன்."

"நான் இப்பதான் வர்றேன் அக்கா."

"சும்மா சொல்லாத. இதே பச்சை யூனிபார்ம், இதே பை. என் கண்ணு அவ்வளவு மோசமா?" அக்கா சிரித்தாள். அவளால் சிரிக்க முடியவில்லை.

உள்ளே போனதும் முதல் வேலையாகச் சுவரைப் பார்த்தாள். ஆறு பதினைந்து. கைப்பேசியில் ஆறு. நேற்றுவரை பத்து, இன்றைக்குப் பதினைந்து. கடிகாரத்தைக் கழற்றிச் செல்லை உருவினாள். விநாடி முள் ஒருமுறை துடித்து நின்றது. படுக்கையறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், கதவுக்குப் பின்னால், எல்லா இடமும் பார்த்தாள். ஒன்றுமில்லை. கட்டிலில் தன் பக்கத்துத் தலையணையில் கை வைத்தாள். இதமாகச் சூடாக இருந்தது.

மறுநாள் கடிகாரத்தைக் கடைக்கு எடுத்துப்போனாள். முதலாளி பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார், இரண்டு மணிநேரம் ஓடவிட்டும் பார்த்தார். "மெஷின் தங்கம்மா. ஒரு நொடி தப்பல. உன் வீட்டுச் சுவருக்குத்தான் ஏதோ கோளாறு" என்று சிரித்தார். கடிகாரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு, சிவப்பு எண்கள் எரியும் ஒரு டிஜிட்டலை வாங்கிப்போனாள். எங்கிருந்தோ சிக்னல் பிடித்துத் தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்கிற சாதி. முள் கிடையாது, யாரும் தள்ள முடியாது. மாட்டியதும் கைப்பேசியோடு நொடி தவறாமல் ஒத்துப்போனது. அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த மாலை, கதவு அவளுக்காகத் திறக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. சுவரில் சிவப்பாக 6:35. கைப்பேசியில் 6:05. வாலுவின் தலையில் இரண்டு சடைகள், வகிடு கோடு போட்டதுபோல் நேராக, ஒரு முடி பிசகாமல்.

"யார் பின்னிவிட்டா?"

"நீதான்."

"நான் இல்லடி. நான் இப்பதான்..."

"முன்னால வர்ற அம்மா" என்றாள் வாலு, சடையைத் தடவிக்கொண்டே. "அந்த அம்மா இழுக்கல. வலிக்கவே இல்ல. சீக்கிரம் சீக்கிரம்னும் சொல்லல."

அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, பொறாமை. அதைப் பிற்பாடு நினைக்கையில் வெட்கமாகக்கூட இருந்தது. தன் பிள்ளையின் தலையை யாரோ தொட்டுவிட்டார்கள், தன்னைவிட நன்றாகத் தொட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் பயம் வந்தது. அந்தச் சடைகளை அவிழ்த்தாள். பின்னல் அவ்வளவு இறுக்கம், நகம் கொண்டு பிரிக்க வேண்டியிருந்தது. வாலு அழுதுகொண்டே இருந்தாள்.

கணவனுக்குப் போன் போட்டாள். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில் எல்லாவற்றையும் கேட்டான்.

"தனியா இருக்கா இல்ல. பசங்க எதையாவது கற்பனை பண்ணிக்கும்."

"எதிர்வீட்டு அக்காவும் கற்பனை பண்ணிக்கிட்டாங்களா? தலையணை சூடா இருந்துச்சே, அதுவும் கற்பனையா?"

"நாலு நாள்ல வந்துடறேன். லீவு போட்டுட்டு வீட்ல இரு" என்றான். குரலில் கேலி இல்லை.

லீவு கிடைத்தது ஒரே ஒரு நாள். வாலு பள்ளியிலிருந்து வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டு, சங்கிலியைப் போட்டு, ஷூ வைக்கும் அலமாரியையும் கதவுக்கு அண்டக் கொடுத்தாள். டிஜிட்டல் கடிகாரத்தின் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். அதன் நேரம் யாருக்கும் வேண்டாம். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் சதுரமாகக் கிடந்தது. கீழே தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம், எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடி ஓடி நிற்கும் சத்தம், குளிர்பெட்டியின் முனகல். வாலு வீட்டுப்பாடம் எழுதினாள். பென்சில் தாளில் உரசுவதுகூடக் கேட்டது.

கைப்பேசியில் ஐந்து மணி. தெருவில் பந்துச் சத்தம் நின்றது. மெஷினும் நின்றது.

துண்டுக்குப் பின்னால் சிவப்பு வெளிச்சம் ஒருமுறை மாறியது.

மணி அடித்தது.

வாலு பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்தாள். "அம்மா வந்தாச்சு!"

அவள் பாய்ந்து பிள்ளையின் இடுப்பைப் பிடித்தாள். ஒரு கையால் வாலுவை அணைத்தபடியே கதவை நெருங்கி, அலமாரிக்கு மேலாக எக்கிப் பார்வைத் துளையில் கண்ணை வைத்தாள். பச்சை. பச்சைத் துணி மட்டும், மிக அருகில். நூல் இழைகூடத் தெரிந்தது. ஒரு பொத்தான். அவளுடைய யூனிபார்ம் பின்கட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. காலையில் அவளே துவைத்துப் போட்டது.

"விடும்மா, திறக்கணும்! நேரமாயிடுச்சு!"

"நான்தாண்டி அம்மா. இதோ இருக்கேன். என்னைப் பாரு."

வாலு பார்த்தாள். வேலைநாளில், இந்நேரத்தில், வீட்டு உடையில், தலை கலைந்து, வியர்த்து, தன்னை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியை உற்றுப் பார்த்தாள். உதடு கோணியது.

"அம்மா வர்ற நேரம் இது. அப்ப நீ யாரு?"

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். குரல் வெளியிலிருந்து வந்தது.

"வாலு. திறடி. கால் கடுக்குது."

அவளுடைய குரல். அந்தக் கடைசிச் சொல்லில் மூச்சு விடுகிற விதம்கூட. வாலு திமிறினாள், கையைக் கடித்தாள், பல் பதிந்து ரத்தம் வந்தது. அவள் விடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிள்ளையின் தலையைத் தன் மார்பில் அழுத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. படியிறங்கும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியபோது எழுந்து துளையில் பார்த்தாள். வராந்தா காலியாக இருந்தது. வாலு அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நீ வரலைன்னா நாளைக்கும் வர வேண்டாம்" என்று முதலாளி மறுநாள் காலை போனில் சொல்லிவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. புதிதாகத் திறக்கும் ஒரு ஆபீசுக்கு நாற்பது டிஜிட்டல் கடிகாரம், மாலைக்குள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துப் பெட்டியில் போட்டாக வேண்டும், வேறு ஆள் இல்லை. அவளுக்கும் யோசிக்கும் வலு இல்லை. அந்த வீட்டில் இருப்பதைவிட வேறு எங்கிருந்தாலும் பிள்ளைக்கு நல்லது என்று மட்டும் தோன்றியது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, இன்னைக்கு இவ ஸ்கூல்ல இருந்து நேரா உங்க வீட்டுக்கு வரட்டும். ஆறு மணி வரைக்கும் வெச்சுக்குங்க. அதுக்கு முன்னால யார் கேட்டாலும் அனுப்பாதீங்க. நானே வந்து கேட்டாலும் அனுப்பாதீங்க."

"நீ வந்து கேட்டாலுமா?" அக்கா சிரித்தாள். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி சரி, அனுப்பல. அழுவாத, முதல்ல மூக்கத் துடை."

"உங்க கடிகாரம் சரியா ஓடுதாக்கா?"

"ஓடுது. அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட். எல்லா வீட்லயும் அப்படித்தானே வெச்சிருக்காங்க?"

அவள் உள்ளே போய், கேட்காமலே நாற்காலியில் ஏறி, அந்த முள்ளைத் தன் கையாலேயே பின்னால் தள்ளிச் சரிசெய்தாள். அக்கா அளவு நாடாவைச் சுருட்டியபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடையில் நீள மேசையின் மேல் நாற்பது கடிகாரங்களும் எரிந்துகொண்டிருந்தன. ஒன்று போல் ஒன்று, ஒரே நொடியில் மாறின. அவள் துடைத்தாள், பார்த்தாள், பெட்டியில் வைத்தாள். மூன்றரை ஆனதும் அக்காவுக்குப் போன் போட்டாள். "வந்துட்டா, சாப்பிடுறா" என்றாள் அக்கா. நாலு மணிக்குப் போட்டாள். "பொத்தான் டப்பாவக் கொட்டி விளையாடுறா. வேலையப் பாரும்மா." பின்னணியில் வாலுவின் சிரிப்பு கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

நாலரைக்கு மறுபடி போட்டாள்.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டியா?"

"வாலு என்ன பண்றா?"

"என்ன பண்றாளா? இப்பதானே கூட்டிட்டுப் போன?"

மேசையில் மிச்சமிருந்த கடிகாரங்களெல்லாம் 4:31 ஆயின.

"அக்கா. ஆறு மணிக்கு முன்னால அனுப்பாதீங்கன்னு சொன்னேனே."

"ஆறு அடிச்சப்புறம்தான் அனுப்பினேன். நீதான் வந்து நின்ன. நான் கடிகாரத்தப் பாத்துட்டுதான்..."

"மணி நாலரை அக்கா."

"இல்லம்மா, இங்க..." அக்கா ஜன்னல் பக்கம் போயிருக்க வேண்டும். குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது. "வெயில் அடிக்குதே. ஐயோ... இவ்வளவு வெயில் அடிக்குதே."

அவள் ஓடினாள். முதலாளி ஏதோ கேட்டார். பெட்டி ஒன்று விழுந்தது. தெரு. பேருந்து கிடைக்கவில்லை. கிடைத்த வண்டியில் ஏறினாள். சிவப்பு விளக்கு. இன்னொரு சிவப்பு விளக்கு. இறங்கி ஓடினாள். வெயில் கண்ணில் குத்தியது. ஊரெல்லாம் ஐந்து கூட ஆகவில்லை. ஐஸ் விற்பவர் மணி அடித்துக்கொண்டிருந்தார். பள்ளிவிட்ட பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள். எல்லாருக்கும் நேரம் சரியாக இருந்தது. படிகள். எதிர்வீட்டு அக்கா வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், வாயில் முந்தானை.

"உள்ளதான் போனீங்க... போனாங்க" என்றாள். "கதவு திறக்க மாட்டேங்குது. சத்தமே இல்ல."

சாவி திரும்பியது. கதவு அசையவில்லை. உள்தாழ்ப்பாள். மணியை அழுத்தினாள். உள்ளே அது அடிக்கவே இல்லை. தோளால் இடித்தாள். கையால் அறைந்தாள். "வாலு! வாலு! அம்மாடி!" ஒன்றுமில்லை. காது வைத்துக் கேட்டாள். குளிர்பெட்டியின் முனகல் மட்டும்.

படுக்கையறை ஜன்னல் வராந்தா பக்கம்தான் பார்க்கும். ஓடினாள். கண்ணாடி மூடியிருந்தது, கம்பிக்கு அப்பால். கைகளைக் குவித்து முகத்தை ஒட்டினாள்.

உள்ளே இரவு.

முதலில் திரை என்று நினைத்தாள். திரை ஓரமாக ஒதுங்கித்தான் இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஐந்து மணி வெயில் அவள் முதுகைச் சுட்டது. அந்தப் பக்கம் அறை நள்ளிரவின் கும்மிருட்டில் கிடந்தது. வெளிச்சம் கண்ணாடி வரை வந்தது. அதற்கு மேல் ஒரு விரற்கடை உள்ளே போகவில்லை. கூடத்திலிருந்து மட்டும் மங்கலான சிவப்பு. அந்தச் சிவப்பில் மெல்ல மெல்லக் கட்டில் தெரிந்தது. விரித்த படுக்கை. போர்வை. சின்ன உருவம் ஒன்று, ஒருக்களித்து. அதன் பக்கத்தில் பெரிய உருவம். ஒரு கை பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. நிதானமாக. ஒரே அளவில். நிற்காமல்.

"வாலு!"

கண்ணாடியை அறைந்தாள். கம்பியைப் பிடித்து உலுக்கினாள். கை கிழிந்தது. சின்ன உருவம் அசைந்தது. எழுந்து உட்கார்ந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தது.

நேராக அவளையே பார்த்தது.

"வாலு, அம்மாடி, எழுந்து வா, கதவத் திற, அம்மா வந்துட்டேன்..."

வாலுவின் முகம் சுருங்கியது. அந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் அவளுக்குத் தெரியும். ஊசிக்குப் பயந்தால் எப்படிச் சுருங்கும், நாய்க்குப் பயந்தால் எப்படிச் சுருங்கும் என்று தெரியும். இது அதைவிடப் பெரிய பயம். பிள்ளை அலறிய வாய் தெரிந்தது. சத்தம் வரவில்லை. அலறிக்கொண்டே பின்னால் நகர்ந்து, பக்கத்தில் படுத்திருந்த உருவத்தை உலுக்கி, ஜன்னலைச் சுட்டிக் காட்டி, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

அது எழுந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜன்னலை நோக்கி வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. பச்சை யூனிபார்ம். அவளுடைய கழுத்து. அவளுடைய நெற்றி. நன்றாகத் தூங்கி எழுந்த, எங்கும் ஓடிப் பழகாத, அவளுடைய முகம். கண்ணாடிக்கு ஒரு சாண் அப்பால் வந்து நின்றது.

அவள் "குடுத்துடு" என்றாள். "குடுத்துடு, குடுத்துடு" என்று கண்ணாடியில் உதடு பட, எச்சில் பட, சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அது அவளைப் பார்க்கவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தது. அதன் தோளில் முகம் புதைத்திருந்த வாலு, பயத்தோடு பயமாக ஒற்றைக் கண்ணால் ஜன்னலை இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள். அந்தக் கை மெதுவாக மேலே வந்து, உள்ளங்கையால் பிள்ளையின் கண்களை மூடியது.